நூமேயாவில் உயிர்பெற்ற பவளம்

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் மகாசமுத்திரத்தில், பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்துவரும் நியூ கலிடோனியாத் தீவின் தலைநகரான நூமேயாவில், ஆன்ஸ் வாட்டா என்னும் கடற்கரையோரமாக 1956-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மீன்காட்சிசாலை, கட்டடத்தில் பெரியதுமன்று, அலங்காரத்தில் சிறந்ததுமன்று. ஆயினும், உஷ்ணப் பிரதேசத்துப் பவளத்தை உயிரோடு வளர்த்து ஜனங்களின் கண்ணுக்கு நேரே நிறுத்துவது மனிதப் பிரயத்தனத்தால் ஆகக்கூடியதே என்று மெய்ப்பித்த ஸ்தாபனங்களைப் பற்றிப் பேசப் புகுந்தால், அதை முதலில் வைத்துத்தான் பேசவேண்டும்.

லண்டன் மிருகக்காட்சிசாலையில் 1853-இல் பொதுஜனங்களுக்காக மீன் மாளிகை திறக்கப்பட்ட பிறகு, அந்த ஆசை நகரத்துக்கு நகரம் பரவிற்று. 1869-இல் பெர்லினிலும், 1874-இல் நேப்பிள்ஸிலும், 1904-இல் ஹொனலூலுவிலும் காட்சிசாலைகள் எழுந்தன. நம் சென்னை மெரினாவிலும், அரசாங்க மியூசியத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டனுடைய முயற்சியால், 1909-இல் ஒன்று தோன்றி, இரண்டாம் உலக யுத்தம் வரையில் நடந்துவந்தது. ஆனால், வண்ண மீன்கள் உலவிய தொட்டிகளில் பல காலமாகப் பவளமென்று வைக்கப்பட்டிருந்தது, பெரும்பாலும், வெளுத்து உலர்ந்த சுண்ணாம்புக் கூடேயாகும். ஒரு பிராணி இறந்தபின் எஞ்சிய எலும்பையே அந்தப் பிராணி என்று கோடிக்கணக்கான ஜனங்கள் பார்த்துத் திரும்பினார்கள். பவளம் கல்தான் என்ற எண்ணம் உலகத்தில் இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அந்தத் தொட்டிகளும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

காட்சிசாலைக்காரர்களை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. பவளப்பூச்சி என்பது, ஒரே துவாரத்தை வாயாகவும் கழிவுவழியாகவும் கொண்டு, அந்த வாயைச் சுற்றி மெல்லிய கைகளை விரித்துக்கொண்டு, தான் கட்டிய சுண்ணாம்புக் கிண்ணத்துக்குள் குடியிருக்கும் மிருதுவான ஜீவன். அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் பெருந்திரளாக வாசம் செய்து, சூரிய ஒளியைக்கொண்டு தாம் சமைக்கும் உணவில் பெரும்பங்கை அதற்குக் கொடுக்கின்றன. நீர் சற்றே குளிர்ந்தாலும் மிகையாகச் சூடேறினாலும், அலைப்பு நின்றாலும், அழுக்குச் சேர்ந்தாலும், வெளிச்சம் குறைந்தாலும் அந்தக் கூட்டு வாழ்க்கை குலைந்துபோகும். தூரத்துக் கடலிலிருந்து கொண்டுவந்த நீரையே திரும்பத் திரும்ப வடிகட்டி ஓட்டிக்கொண்டு, மங்கிய வெயிலையும் விளக்கையும் நம்பியிருந்த ஐரோப்பிய நகரங்களில் அது எப்படிப் பிழைக்கும்?

நூமேயாக் காட்சிசாலையை நிறுவிய டாக்டர் ரெனே கத்தாலா, முன்பு மடகாஸ்கரில் பகலில் பறக்கும் அந்துப்பூச்சி ஒன்றைப் பல்லாண்டு ஆராய்ந்த இயற்கை விஞ்ஞானி. அவருக்கு மனைவி இதா அம்மையார் எல்லா வேலையிலும் உடனுழைத்தார். அவர்கள் கைக்கொண்ட வழி மிகவும் எளிது. வாசலிலேயே கிடந்த காயலின் நீரை ஓயாமல் இறைத்துத் தொட்டிகளின் வழியே ஓடவிட்டு, மறுபடியும் கடலுக்கே திருப்பிவிட்டார்கள். பகலொளியையும் உள்ளே வரவிட்டார்கள். ஓடிவரும் அந்த நீரோடு நுண்ணுயிர்களும் இரையாக வந்து சேர்ந்தன. கடலைப்போல ஒன்றைச் செய்துவைக்க மற்றவர்கள் பாடுபட்டிருக்க, இவர்கள் கடலையே வீட்டுக்குள் விட்டார்கள். மீன்களோடு பவளங்களும் கடல் சாமந்திகளும் அங்கே நெடுங்காலம் வாழ்ந்தன.

காட்சிசாலை திறந்து அதிக காலம் ஆவதற்குமுன், ஆழத்திலிருந்து எடுத்துவந்த சில பவளங்களின்மேல் கத்தாலா புற ஊதா விளக்கைச் செலுத்திப் பார்த்தார். பகலில் மண்ணிறமாகவும் மங்கலாகவும் கிடந்த அந்தக் கட்டிகள், இருட்டறையில் அந்த விளக்கு விழுந்த கணத்தில், பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் கனன்றன. ஒரே பவளத்தில் வாயைச் சுற்றி ஒரு நிறமும், விளிம்பில் வேறொரு நிறமும், விரிந்த கைகளின் நுனியில் மற்றொன்றுமாகப் பிரிந்து நின்றன. மின்மினி தானே ஒளியை உண்டாக்குகிறது. இதுவோ, கண்ணுக்குப் புலப்படாத கதிரை வாங்கிக் கண்ணுக்குப் புலப்படும் நிறமாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகையால் விளக்கை அணைத்தால் ஒளியும் அணைந்துவிடும். அந்த ஒளி உயிருள்ள சதையைச் சேர்ந்தது. சதை நீங்கிய வெற்றுக்கூட்டில் அந்த நிறங்களைத் தேடினால் கிடையாது. 1959-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் கத்தாலா இதை வெளியிட்டார். ஆழ்கடல் இருளுக்குப் பொருந்திய அறையொன்றில் ஜனங்கள் அதைப் பிரத்தியட்சமாகக் கண்டார்கள். உயிருள்ள பவளம் வேறு, அதன் எலும்பு வேறு என்பதை எந்த உபந்நியாசமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தியிருக்க முடியாது.

பிறகு மற்ற இடங்களிலும் வழி பிறந்தது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், உயிர்கள் ஒட்டிய கடற்கற்களையும் சிறிது காற்றுக் குமிழியையும் மட்டும் கொண்டு தொட்டியை நடத்திய முறையை 1961-இல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரத்தில் 1987-இல் இருபத்தைந்து லட்சம் லிட்டர் நீரில் ஒரு பவளத்திட்டையே வளர்த்துக் காட்டினார்கள். பவள இனங்களின் ஒளிரும் புரதங்களை 1999-இல் ருஷ்ய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து விவரித்தபின், உயிரணுவுக்குள் நடப்பதைப் பார்க்க உலகத்து ஆய்வுச்சாலைகள் அவற்றைக் கையாளலாயின. நூமேயாக் காட்சிசாலை 2007-இல் விரிவான புதுக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் அத்தீவின் காயல்கள் உலகப் பாரம்பரியச் சின்னமாயின.

நமக்கும் இதில் சம்பந்தமுண்டு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்துள்ள பார்களில் இதே குலத்துப் பவளங்கள் வாழ்கின்றன. அவற்றைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் நெடுங்காலம் வெட்டியெடுத்தோம். அந்தப் பகுதி 1986-இல் தேசியப் பூங்கா ஆயிற்று. கடினப் பவளங்களுக்கு 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. கடற்கரைக் கடைகளில் யாரேனும் வெள்ளைப் பவளக்கல்லை உங்கள் கையில் கொடுத்து விலை சொன்னால், அது எவ்வளவு மலிவானாலும், தயவுசெய்து வாங்காதீர்கள்.