வாசலே அரங்கு: அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலத்தில் வீடுசார் நாட்டார் பாடல் நிகழ்வுகள்

ஆய்வுச் சுருக்கம்

நாட்டார் பாடல் ஆய்வுகள் பெரும்பாலும் பாடலின் சொற்களையே தொகுத்து வகைப்படுத்தியுள்ளன. பாடல் எந்த வீட்டில், யார் அழைத்து, யார் முன்னிலையில் நிகழ்ந்தது என்னும் செய்தி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் முளைப்பாரி வீடு, சடங்கு வீடு, இழவு வீடு ஆகிய மூன்று நிகழ்களங்களை முன்வைத்து, வீடு எவ்வாறு அரங்காகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வீட்டாரின் பெயரும் உறவும் பாடலுக்குள் இடம்பெறுவதே இவ்வரங்கின் அடிப்படை இயல்பு என்பதையும், வாசற்படி சாதியடிப்படையில் கலைஞர்களைப் பிரித்து நிறுத்திய வரலாறும் இதனுள் அடங்கும் என்பதையும் இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: முளைப்பாரி, ஒப்பாரி, சடங்குப் பாடல், பறை, வாசல், அகம், புறம், கரிசல்.

முன்னுரை

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் இன்று விருதுநகர் மாவட்டத்தின் இரு வட்டங்கள். 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டம் 1985இல் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இப்பகுதி அம்மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். வேளாண்மை வடகிழக்குப் பருவமழையையும் கண்மாய்களையும் நம்பியது. கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, மல்லி, மிளகாய் முதலியன மானாவாரியாக விளைந்தன. அருப்புக்கோட்டை நகரமோ நெசவால் பெயர்பெற்றது.

காவிரிப் படுகையில் கோயிலும் அரசவையும் இசைக்கு நிலையான ஆதரவு அளித்தன. மழை பொய்த்தால் வருவாயும் பொய்த்துப்போகும் இந்நிலத்தில் அத்தகைய ஆதரவு அரிது. ஆயினும் பாட்டு குறைவின்றி இருந்தது. அதை ஏற்று நடத்திய அமைப்பு எது என்னும் வினாவுக்கு வீடு என்பதே முதன்மையான விடை. ஒரு குடும்பம் தன் வாசலில் பந்தலிட்டு, சுற்றத்தையும் தெருவையும் கூட்டி, வந்தவர்க்கு உணவும் வெற்றிலை பாக்கும் அளித்துப் பாட்டுக்கு இடம் தந்தது. இதனை இக்காலச் சொல்லால் வீட்டுக் கச்சேரி எனலாம். எனினும் இதன் இயல்பு வேறானது.

அகம், புறம்: ஒரு கோட்பாட்டுச் சிக்கல்

ஏ.கே. இராமானுஜன் 1986இல் வெளிவந்த கன்னட நாட்டார் வழக்காறுகள் பற்றிய கட்டுரையில், சங்க இலக்கியத்தின் அகம், புறம் என்னும் பாகுபாட்டை நாட்டார் கதைகளுக்குப் பொருத்திக் காட்டினார். வீட்டுக்குள் பெண்கள் சொல்லும் கதைகள் அகம். தொழில்முறைக் கலைஞர்கள் பொதுவெளியில் நிகழ்த்துவன புறம். அகக் கதைகளின் மாந்தர்க்குப் பெயர் இராது. புறத்தை நோக்கி நகர நகரப் பெயரும் ஊரும் துலங்கும். அகத்திணையில் ஒருவரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்னும் தொல்காப்பிய மரபோடு இது இயைந்து நிற்கிறது.

இராமானுஜன் பேசியது கதைகளைப் பற்றி. வீடுசார் பாடல்களுக்கு இதைப் பொருத்தும்போது ஒரு முரண் எழுகிறது. இப்பாடல்கள் வீட்டில் நிகழ்கின்றன. பெரும்பாலும் பெண்கள் பாடுகின்றனர். ஆயினும் இவை பெயர்களாலும் உறவுமுறைகளாலும் நிறைந்தவை. தாய்மாமன், அத்தை, மதினி, கொழுந்தன் என உறவுகள் நேரடியாக விளிக்கப்படுகின்றன. ஊர்ப்பெயரும் குலதெய்வமும் சொல்லப்படுகின்றன. பாடலின் அமைப்பு பொதுவானது. அதன் நடுவே விடப்பட்ட இடத்தை அவ்வீட்டின் பெயர்களே நிரப்புகின்றன. ஆகவே இங்குக் கேட்பவரே பாடலின் பொருளாகவும் அமைகிறார். வீடு இந்நாளில் அகமாகவும் புறமாகவும் ஒருசேர இயங்குகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் வாசல்.

முளைப்பாரி வீடு

வறண்ட நிலத்தின் வீட்டரங்குகளுள் நாள்கணக்கில் நீளும் நிகழ்வு முளைப்பாரி. அம்மன் கோயில் பொங்கலை ஒட்டி, பங்குனியிலோ ஆடி முதல் புரட்டாசி வரையிலான மாதங்களிலோ, ஊர் வழக்கப்படி இது நடைபெறும். தெருவின் தலைக்கட்டுகள் வரி கொடுத்துச் செலவைப் பகிர்கின்றன. பொதுவாக ஒரு வீடோ அதற்கென ஒதுக்கிய அறையோ முளைவீடாகிறது. ஓடுகளிலும் பாத்திரங்களிலும் வைக்கோலும் எருவும் மண்ணும் பரப்பி, தட்டாம்பயறு, மொச்சை, பாசிப்பயறு முதலிய தானியங்களைத் தூவி, வெயில் புகாத இருட்டறையில் வளர்ப்பர். வெளிச்சம் படாமையால் முளைகள் வெளிறிய மஞ்சள் நிறத்தில் நெடிது வளரும். முளை செழித்தால் அவ்வாண்டு விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை. விதையின் முளைப்புத் திறனைச் சோதித்தறியும் பழைய உழவர் முறை இச்சடங்கில் உறைந்துள்ளது என ஆய்வாளர் பலர் விளக்கியுள்ளனர்.

முளை வளரும் நாள்களில் இரவு உணவுக்குப்பின் பெண்கள் கூடிக் கும்மிகொட்டிப் பாடுவர். இராமநாதபுரம் பகுதியில் இந்நிகழ்வு முளைக்கொட்டு எனப்படுகிறது; அதற்கென மேடை அமைத்து முளைக்கொட்டுத் திண்ணை என வழங்கும் ஊர்களும் உண்டு. மண் எடுத்தது, விதை வாங்கியது, பரப்பியது, நீர் தெளித்தது, முளை எழுந்தது எனச் செயல்முறையின் ஒவ்வொரு படியும் பாடலாகிறது. முதியவள் ஒருத்தி அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். இடையிடையே குலவை எழும். சிறுமியர் வட்டத்தின் ஓரத்தில் நின்று கைதட்டலையும் காலடியையும் பழகுவர். பாடலைக் கற்கும் பள்ளியும் அதுவே.

இங்குப் பாடுவோர் என்றும் கேட்போர் என்றும் இரு கூட்டம் இல்லை. முளைவீட்டார்க்குக் கிடைப்பது பொறுப்பும் மதிப்பும். தூய்மை காத்தல், நீர் தெளித்தல், இரவுதோறும் வருவோரை வரவேற்றல் ஆகியவை அவர்தம் கடமை. இறுதி நாளில் முளைப்பாரிகளைத் தலையில் ஏந்தி ஊர்வலமாகச் சென்று கண்மாயிலோ ஊருணியிலோ கரைப்பர். அப்பொழுது, இருட்டறையில் தொடங்கிய பாட்டு ஊரறிய நீர்நிலையில் நிறைவுபெறுகிறது. அகத்திலிருந்து புறத்திற்கு நிகழும் இப்பயணம் முளைப்பாரியின் கட்டமைப்பிலேயே உள்ளது.

சடங்கு வீடும் இழவு வீடும்

பெண் பூப்பெய்திய சடங்கு வீட்டில் தாய்மாமன் சீரே மையம். சீர்த்தட்டுகள் வாசலுக்கு வரும்போது குலவையிட்டு, மாமன் கொண்டுவந்தவற்றை வரிசையாகப் பாடி ஏற்பர். நலங்கில் கேலிப் பாடல்கள் இடம்பெறும். குறைவாகச் சீர் செய்தவரைச் சாடுவதும் உண்டு. பாட்டு இங்கே ஒரு பதிவேடு. யார் என்ன செய்தார் என்பதை எழுத்தறியாத பெண்களும் பலர் முன்னிலையில் நிலைநிறுத்த இயலும். மொய் நோட்டு ஆண்களின் கணக்கு. பாட்டு பெண்களின் கணக்கு எனலாம்.

இழவு வீட்டின் ஒப்பாரி இதினும் கூர்மையானது. வாசலில் நுழையும் ஒவ்வொரு பெண்ணும் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் பெண்களோடு தோள்சேர்ந்து அமர்ந்து, இறந்தவருக்கும் தனக்கும் உள்ள உறவைச் சொல்லி அழுவாள். இறந்தவரைப் பற்றிய அழுகை விரைவில் அழுபவளின் வாழ்வைப் பற்றியதாக மாறும். பிறந்த வீட்டில் கைவிடப்பட்டமை, புகுந்த வீட்டின் கொடுமை, உடன்பிறந்தான் பாராமுகம் ஆகியன வெளிப்படும். தமிழகத்துத் தென்னார்க்காட்டுப் பகுதியில் ஆய்வுசெய்த இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலில் இவ்வியல்பை விரிவாகக் காட்டியுள்ளார். கரிசல் நிலத்து ஒப்பாரிக்கும் இது பொருந்தும். மற்ற நாள்களில் சொல்ல இயலாத குற்றச்சாட்டை, குற்றம்சாட்டப்படுபவரின் வாசலிலேயே அமர்ந்து சொல்ல ஒப்பாரி இடமளிக்கிறது. இசை வடிவில் இருப்பதால் யாரும் இடைமறிப்பதில்லை. அவ்வுரிமை அந்த வாசலையும் அந்த நாளையும் சார்ந்தது. மேடையில் ஏறிய ஒப்பாரிக்கு அது இல்லை.

வீட்டின் துயர நாள் நாட்டார் கலைக்குக் களமாவது தென்மாவட்டங்களுக்கு மட்டும் உரியதன்று. வடதமிழகத்தில் கருமாதியை ஒட்டிக் கர்ண மோட்சம் கூத்தை நடத்தும் வழக்கம் உள்ளது. அங்குத் தொழில்முறைக் குழு நிகழ்த்துகிறது. இங்கு உறவினரே பாடுகின்றனர். இரண்டிலும் அழைக்கும் பொறுப்பு இறந்தவரின் குடும்பத்தைச் சார்ந்தது.

வாசற்படியின் இருபுறம்

இவ்வரங்கின் நெருக்கத்தைப் போற்றும்போதே அதன் எல்லையையும் கூறுதல் வேண்டும். இழவு வீட்டில் பெண்களின் ஒப்பாரி பந்தலின் உட்புறம் ஒலிக்க, பறையும் கொட்டும் தெருவில் ஒலித்தன. ஒரே துயரத்திற்கு இரு இசைகள்; நடுவே வாசற்படி. உறவினர் அழுதது அன்பின் கடன் எனப்பட்டது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பறையடித்தது ஊழியக் கடமை எனப்பட்டது. அதற்குத் தானியமும் சிறு தொகையும் கூலியாயின. வாசிப்பவர் வீட்டுக்குள் நுழையவோ பந்தியில் அமரவோ இயலாது. விடிய விடிய வீட்டின் துயரைத் தம் தோற்கருவியில் ஏந்தியவர்கள் அவ்வீட்டின் விருந்தினராகக் கருதப்படவில்லை. முளைப்பாரியும் பெரும்பாலும் அந்தந்தச் சாதியின் தெருவுக்குள்ளேயே வளர்ந்தது. எனவே வீட்டரங்கு எவரை உள்ளே அழைத்தது என்பதோடு எவரை வெளியே நிறுத்தியது என்பதும் ஆய்வுக்குரியது.

இதற்கு எதிர்வினையும் வரலாற்றில் உண்டு. இழவுக்குப் பறையடிக்க மறுத்தல் தலித் இயக்கங்களின் தன்மதிப்புப் போராட்டங்களுள் ஒன்றாயிற்று. சிதம்பரம் வட்டாரத்தில் எல். இளையபெருமாள் இதை முன்னெடுத்தார். பின்னர் 1990களில் மதுரையில் தலித் ஆதார மையத்தின் கலைவிழாக்கள் பறையை இழிவின் அடையாளத்திலிருந்து மீட்டு விடுதலையின் கருவியாக முன்வைத்தன. அவற்றோடு இணைந்து இயங்கிய இசையறிஞர் தியாபிலஸ் அப்பாவு (பரட்டை) நாட்டுப்புற இசையைக் கூட்டுண்ணலோடு சேர்த்துக் கருதினார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்துண்பது அவர்தம் கருத்துகளுள் முதன்மையானது. கலைஞரும் வீட்டாரும் ஒரே பந்தியில் அமர்தல் என்னும் இக்கருத்து, வாசற்படி எழுப்பிய வினாவுக்கு நேரடியான விடையாக அமைகிறது.

வீட்டை விட்டு வெளியேறிய பாட்டு

தமிழ்நாட்டுப் பாடல்கள் அச்சில் தொகுக்கப்பட்டமை 1871இல் சார்லஸ் கோவரின் நூல் தொட்டு நீள்கிறது. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958இலும், நா. வானமாமலையின் ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இலும் வெளிவந்தன. இத்தொகுப்புகள் இன்றி இத்துறையே இல்லை. ஆயினும் அச்சில் ஏறிய பாடல் தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எனும் தலைப்பின்கீழ் நிற்கிறது; அது எழுந்த வீடு நிற்பதில்லை. பெயருக்கென விடப்பட்ட இடம் வெற்றிடமாகவோ, என்றோ ஒருநாள் பாடப்பட்ட பெயரின் எச்சமாகவோ மாறிவிடுகிறது.

வானொலியும் திரையும் வேறொரு வழியில் இதைச் செய்தன. பக்கத்துச் சிவகங்கை மண்ணின் கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி அறியப்பட்டு, 1985இல் ‘ஆண் பாவம்’ திரைப்படத்தில் பாடி நடித்தார். வயற்காட்டிலும் வீட்டு வாசலிலும் பயின்ற குரல் தமிழகம் முழுதும் கேட்டது. இது ஒரு பெண் கலைஞருக்குக் கிடைத்த உரிய ஏற்பு. அதேவேளை, ஒலிநாடாவும் ஒலிபெருக்கியும் வந்தபின் விசேட வீட்டின் பாட்டைக் கருவியே வழங்கத் தொடங்கியது. தமிழக ஊர் ஒன்றில் ஒலிநாடாக்கள் ஒலிக்கப்படும் முறையைப் பற்றிப் பால் கிரீன் 1999இல் எழுதிய ஆய்வு, ஒலிபெருக்கி வைப்பதும் ஒரு சடங்குச் செயலாகிவிட்டதை விளக்குகிறது. ஒலிபெருக்கி வாசலின் எல்லையை ஊரின் எல்லை வரை விரித்தது. ஆனால் பதிவுசெய்த பாட்டு இந்த வீட்டு மாமனின் பெயரைச் சொல்லாது.

வீட்டிலிருந்து இசை வெளியேறுவது உலகெங்கும் நிகழ்ந்தது. அயர்லாந்தில் 1935ஆம் ஆண்டின் பொது நடனக் கூடச் சட்டம் நடனங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்க, கிராம வீடுகளில் நடந்த இசை, நடனக் கூடல்களும் நெருக்கடிக்கு உள்ளாயின. சென்னையில் செல்வர் வீடுகளிலும் பஜனைக் கூடங்களிலும் ஒலித்த கருநாடக இசை சபைகளின் மேடைக்குச் சென்றது. அங்கெல்லாம் கேட்போர் கட்டணம் செலுத்தும் தனியர் ஆயினர். கரிசல் வீடுகளில் இம்மாற்றம் முழுமையடையவில்லை. முளைப்பாரி இன்றும் வளர்க்கப்படுகிறது. வாடகைக்கு ஒலிபெருக்கி வந்த வீட்டிலும் குலவை நிற்கவில்லை.

முடிவுரை

நகரங்களில் நாட்டார் கலைஞர்களை வீட்டுக்கு அழைத்துச் சிறு கூட்டத்தின் முன் பாடவைக்கும் ஆர்வம் இன்று காணப்படுகிறது. அதற்கு அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலத்தின் பட்டறிவு இரண்டைக் கற்பிக்கிறது. முதலாவது, கூட்டம் சிறிதாயிருப்பதால் மட்டும் நெருக்கம் உண்டாவதில்லை. அழைத்த வீட்டின் பெயருக்கும் உறவுக்கும் குறைக்கும் பாட்டில் இடமிருப்பதே நெருக்கம். இழவு வீட்டில் தன்னைச் சாடும் ஒப்பாரியையும் வீட்டார் இடைமறியாது கேட்டனர். புகழுரையை மட்டும் எதிர்பார்க்கும் அழைப்பு அம்மரபின் பாதியையே ஏற்கிறது. இரண்டாவது, அழைப்பு வாசற்படியில் நின்றுவிடலாகாது. பாடியவரை, கொட்டியவரைப் பந்தியில் அமர்த்தாத வீடு, இசையை ஏற்றுக் கலைஞரை மறுத்த பழைய முறையையே தொடர்கிறது.

நாட்டார் பாடல் தொகுப்புப் பணி இனி நிகழ்களத்தையும் பதிவு செய்தல் இன்றியமையாதது. பாடலின் சொற்களோடு, அழைத்தவர் யார், பாடியவர் எங்கு அமர்ந்தார், என்ன உண்டார், என்ன பெற்றார், எவர் வெளியே நின்றார் என்பனவும் ஆவணமாக வேண்டும். அப்போதுதான் வாசலின் இருபுறமும் ஒலித்த இசை ஒரே வரலாற்றில் இடம்பெறும்.