விசாகப்பட்டினத்துப் பெட்டிகள்: உழைத்த கைகளும் விலை சொன்ன வாயும்

வரலாறு என்றவுடன் அரசர்களின் போர்களும் ஆட்சி ஆண்டுகளுமே நம் இளைஞர்களின் நினைவுக்கு வருகின்றன. ஒரு சிறு மரப்பெட்டிக்கும் வரலாறு உண்டு. அதைச் செய்தவர் யார், அதற்கு வேண்டிய பொருள்களைத் தேடித் தந்தவர் யார், அதன் விலையைச் சொன்னவர் யார் என்று கேட்கத் தொடங்கினால், அது நம் சமுதாயத்தின் வரலாறாகவும் ஆகிவிடுகின்றது. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நாளில், அத்தகைய பெட்டியொன்றின் வரலாற்றை எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஆந்திரக் கடற்கரையிலுள்ள விசாகப்பட்டினத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1682ஆம் ஆண்டில் வணிக நிலையம் அமைத்தனர். அருகிலிருந்த பீமுனிப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தனர். தேக்கு, தோதகத்தி, கருங்காலி ஆகிய மரங்கள் அவ்வட்டாரத்தில் கிடைத்தன. யானைத் தந்தம் கடல் கடந்து பெகு நாட்டிலிருந்தும் வந்தது. மூலப்பொருளும் வாங்குவோரும் ஓரிடத்தில் கூடவே, கம்சாலி என்னும் தெலுங்குக் கம்மாளர் வகுப்பினரின் கைத்தொழில் அங்கே செழித்தது. அவர்கள் ஐரோப்பியர் விரும்பிய வடிவில் நாற்காலிகளையும் எழுதுபெட்டிகளையும் நகைப்பெட்டிகளையும் செய்தனர். 1756ஆம் ஆண்டில் அங்கு வந்த ஜான் கார்னீல் என்னும் படை அதிகாரி, மரத்தில் தந்தம் பதிக்கும் வேலைக்கு அவ்வூர் பெயர்பெற்றிருந்ததைக் குறித்துள்ளார்.

முதலில் மரப்பரப்பில் பள்ளம் வெட்டித் தந்தத் துண்டுகளைப் பதித்து, அவற்றின்மேல் நுண்கோடுகள் கீறி, கோடுகளில் கறுப்பு அரக்கை நிரப்பினர். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சந்தன மரத்தாலான பெட்டியின் வெளிப்புறம் முழுவதையும் மெல்லிய தந்தத் தகடுகளால் போர்த்தும் முறை ஓங்கியது. ஆங்கில வீட்டின் வடிவிலேயே தையல் பெட்டிகள் செய்யப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில் கொம்பும் முள்ளம்பன்றி முள்ளும் பெட்டிகளை அணிசெய்தன. இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இவ்வகைப் பெட்டிகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. ஆயினும் பெரும்பாலான பெட்டிகளில் செய்தவரின் பெயர் இல்லை. வாங்கியவர்களின் பெயர்களையே வரலாறு நினைவில் வைத்துள்ளது.

பெயரற்றுப் போனவர் கம்சாலி மட்டுமல்லர். மெருகூட்டும் அரக்கு மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தருவது. சோட்டா நாகபுரிக் காடுகளில் அதனைச் சேகரித்தோர் பழங்குடி மக்கள். மரவேலையில் வழிவழியாகப் பயன்பட்ட வச்சிரப் பசையோ விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. இறந்த மாட்டை அகற்றுவதும், அதன் தோலையும் கொம்பையும் பிரித்தெடுப்பதும் ஆந்திரத்தில் மாதிகர், தமிழகத்தில் அருந்ததியர் முதலான ஒடுக்கப்பட்ட மக்கள்மீது சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட வேலைகள். அவர்கள் தொட்டெடுத்த கொம்பு சீமாட்டியின் மேசைக்குச் சென்றது. அவர்களோ தீண்டத்தகாதோர் எனத் தள்ளிவைக்கப்பட்டனர். உளி பிடிக்கும் உரிமை பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. சாதியானது வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்வோரையே ஒருவருக்கொருவர் அயலாராகப் பிரித்து வைத்தது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கம்மாளரின் திறமையை நாம் போற்றுகின்றோம். அத்திறமையைச் சுற்றி எழுப்பப்பட்ட வேலியைத்தான் மறுக்கின்றோம்.

அவ்வேலிக்குள் இருந்த வித்தை யாரும் கற்கக்கூடியதே. பெட்டிக்கு நன்கு உலர்ந்த பலகை வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் பின்னாளில் பக்கங்கள் வளைந்து மூடி பொருந்தாமற் போகும். பலகையை இழைப்புளியால் சமன்செய்து, மூலைமட்டம் வைத்து அளந்து, மூலைகளில் பல்லுக்குள் பல் புகுமாறு வெட்டிப் பசையிட்டு இறுக்க வேண்டும். மூடியைத் தனியே செய்யாமல், ஆறு பக்கமும் அடைத்த பெட்டியாகவே முதலில் செய்து, பின்னர் ரம்பத்தால் சுற்றிலும் அறுத்து மூடியைப் பிரித்தெடுப்பதும் ஒரு முறை. அவ்வாறு செய்தால் மர ரேகை உடலிலும் மூடியிலும் தொடர்ந்து ஓடும்.

அடுத்து மெருகு. முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நயமான தாளில் முடித்து, எப்போதும் ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்தபின், சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணி சுற்றிய பஞ்சினால் மெல்லிய பூச்சாகப் பலமுறை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்தது. சந்தனப் பெட்டியின் உட்புறத்தைப் பூசாமல் விட்டால்தான் மணம் நிற்கும்.

வித்தை கைவந்தாலும் விலை சொல்லத் தெரியாதவன் தன் உழைப்பைப் பிறர் கையில் கொடுத்தவனாவான். எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சிறு தேக்குப் பெட்டிக்கு, வெட்டில் வீணாவதையும் சேர்த்து மரம் 400 ரூபாய். கீலும் தாழும் 100 ரூபாய். பசை, உப்புத்தாள், அரக்கு 100 ரூபாய். நாளொன்றுக்கு 800 வீதம் இரண்டு நாள் கூலி 1,600 ரூபாய். கருவித் தேய்மானம், வாடகை, விளக்குச் செலவு 200 ரூபாய். ஆக அடக்கவிலை 2,400 ரூபாய். தொழில் வளர நூற்றுக்கு 20 வீதம் 480 ரூபாய் சேர்த்தால் நம் கைக்கு வரவேண்டியது 2,880 ரூபாய்.

இப்பெட்டியை விற்றுத்தரும் கடைக்காரர், விற்பனை விலையில் நூற்றுக்கு 30 வீதம் கழிவு கேட்கின்றார் என்று கொள்வோம். பலர் 2,880 ரூபாயுடன் அதன் நூற்றுக்கு 30 பங்கைக் கூட்டி 3,744 ரூபாய் என்று விலை வைத்துவிடுகின்றனர். கடைக்காரர் கழிவு எடுத்தபின் நம் கைக்கு வருவது சுமார் 2,621 ரூபாயே. 480 ரூபாயாக இருக்கவேண்டிய மிச்சம் 221 ரூபாயாகச் சுருங்கிவிடும். 2,880 ரூபாயை 70ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் வரும் 4,114 ரூபாயே சரியான விலை. கைத்தொழிலாளி ஏமாறுவது பெரும்பாலும் இத்தகைய சிறு கணக்கில்தான். தன் கூலியைக் கணக்கில் எழுதாமல் மரத்தின் விலையை மட்டும் நினைப்பவன் இன்னும் மோசமாக ஏமாறுகின்றான்.

சட்டமும் அறிந்திருக்க வேண்டும். இந்திய யானைத் தந்த வணிகம் 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தாலும், ஆப்பிரிக்கத் தந்த வணிகம் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டன. மைசூரில் பதிப்பு வேலை செய்வோர் இன்று பல நிற மரத் துண்டுகளைக் கொண்டே அழகிய சித்திரங்களை அமைக்கின்றனர். 2017ஆம் ஆண்டு முதல் தோதகத்தி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. எனவே ரசீதின்றி மரம் வாங்குதல் கூடாது. கற்போர் தேக்கிலும் பலாவிலும் வாகையிலும் தொடங்கலாம்.

நம் முன்னோர்க்கு அடைபட்டிருந்த பட்டறைக் கதவு இன்று சட்டத்தால் திறந்துள்ளது. 1961ஆம் ஆண்டுப் பயிற்சியாளர் சட்டத்தில் 1973ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், தொழிற்பயிற்சி இடங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் ஒதுக்கீடு அளித்தது. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சு வேலை எல்லாச் சாதியினர்க்கும் கற்பிக்கப்படுகின்றது. விரும்பும் நம் தம்பியரும் தங்கையரும் தயங்காது சென்று கற்கலாம்.

ஆனால் சாதி சுமத்திய தொழிலை விட்டு மற்றொரு தொழிலுக்குள் அடைபடுவது நம் நோக்கமன்று. உளி பிடிக்க விரும்புவோர் உளி பிடிக்கட்டும். சட்டம் பயில விரும்புவோர் சட்டம் பயிலட்டும். எதைக் கற்பினும் கணக்கையும் சேர்த்துக் கற்போம். நம் கையால் ஒரு பெட்டி செய்யப்படுமாயின், அதன் அடிப்பலகையில் செய்தவரின் பெயரும் ஊரும் ஆண்டும் பொறிக்கப்படட்டும். விசாகப்பட்டினத்துக் கைகளுக்குக் கிட்டாத அந்தச் சிறு வரி நம் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும்.