மேற்படியில் நிற்பவர்

2023 தொடக்கத்தில் கிளிநொச்சிச் சந்தையில் மரக்கறி விற்கும் நண்பரொருவர் கைத்தொலைபேசியைக் காட்டி, "இரண்டு பேரைச் சேர்த்தால் போதும், அண்ணை" என்றார். சீட்டிலே ஆட்தொகை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. எவருக்கும் முறை வரும். இங்கோ மேலிருப்பவரின் இலாபம் கீழிருப்பவரின் கட்டணமே. ஒருவர் இருவராகப் பெருகினால், பதினேழாம் படியில் மொத்தம் 131,071 பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சி மாவட்டத்துக்கு, கைக்குழந்தைகள் உட்பட, ஏறத்தாழ 113,000 பேரே! அக்கடைசிப் படியில் மாத்திரம் 65,536 பேர். சேர்ந்தோரில் பாதிக்கு மேல்.

இத்தகைய திட்டங்களை 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் தடைசெய்தது. ஆயினும் 2023இலும் மத்திய வங்கி தடைப்பட்டியல் வெளியிட நேர்ந்தது, ஆகஸ்டில் எம்.ரி.எவ்.ஈ. செயலி முடங்கியது.

நண்பர் என் கணக்கை மறுக்கவில்லை. "நான் மேற்படியிலல்லோ நிற்கிறன்" என்றார்.