மறதி நோயரைக் காணச் செல்லுதல்: பராமரிப்பு இல்ல வருகை குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே இருக்கிறார்கள். இல்லத்தில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றியது இக்கட்டுரை. சேர்த்தது சரியா என்ற வழக்கை இங்கே எடுக்கவில்லை. ஊரும் உறவும் அதைப் போதுமான அளவு பேசிவிட்டன. பார்க்கப் போகிறவர் அங்கே என்ன செய்கிறார், அதனால் நோயருக்கு என்ன நேர்கிறது என்பதே ஆய்வுப் பொருள்.

“போய் என்ன ஆகப்போகுது, யாரு வந்தாங்கன்னே அவங்களுக்குத் தெரியாது” என்று வருகையை நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. இக்கூற்றின் முற்பகுதி தவறு என்று நிறுவலாம்.

2. கேள்வி

1901 நவம்பரில் பிராங்க்பர்ட் மனநல மருத்துவமனையில் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், 51 வயதான நோயர் அவுகுஸ்ட டேட்டரிடம் பெயர் கேட்டார். அவுகுஸ்ட என்றார் அவர். கணவர் பெயரைக் கேட்டபோதும் அதே விடைதான் வந்தது. நோயை இனங்காண மருத்துவருக்கு அந்தக் கேள்விகள் தேவைப்பட்டன. உறவினருக்கு அந்தத் தேவை இல்லை. ஆனாலும் வாசலில் நுழைந்ததும் நாம் முதலில் கேட்பது, “என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்.”

விடை தெரியாதவர் முகத்தைக் கவனித்தால் இக்கேள்வியின் கொடுமை புரியும். கண் நம் முகத்திலிருந்து செவிலியர் முகத்துக்கும், அங்கிருந்து கதவுக்கும் ஓடுகிறது. பிறகு, சங்கடத்தை மறைக்க ஒரு சிரிப்பு. தான் எதிலோ தோற்றுவிட்டது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

3. தங்குவது எது

மறதி நோயின் முதன்மை வகையான அல்சைமர் நோயில், புதிய நினைவுகளைப் பதிக்கும் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதி முன்னதாகவே சிதைகிறது. அண்மைய நினைவுகள் முதலில் போகும், பழையவை பிறகே போகும் என்பதைப் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ 1881இலேயே வகுத்தார். உணர்ச்சியோ வேறு கணக்கு. 2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அல்சைமர் நோயர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் மகிழ்ச்சியான படக்காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களில் நோயர்கள் பார்த்ததைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அவர்களிடம் தொடர்ந்து நின்றன. வந்தவர் யார் என்பது போய்விடும். அவர் வந்து விளைத்த மனநிலை இருக்கும். நம் தேர்வில் தோற்ற வருத்தமும் அப்படியே இருக்கும், காரணம் தெரியாமல்.

கைப்பழக்கமும் தங்குவதே. என் பெரியம்மா என் பெயரை விட்டுப் பல காலம் ஆயிற்று. உதிரி மல்லிகையும் நனைத்த வாழைநாரும் மடியில் வைத்தால், இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என எதிரெதிராக வைத்து, நாரைச் சுற்றி, ஒரு சுண்டு சுண்டி இறுக்குகிறார். காம்பு ஒடிந்த பூவை எடுத்து அப்பால் வைக்கிறார். நீண்டதும் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை பிடித்து அளக்கிறார். நான் கட்டினால் தளர்ந்து உதிர்கிறது. வாங்கிப் பிரித்து, மறுபடி கட்டித் தருகிறார். இப்படி ஒருவர் ‘போய்விட்டார்’ என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை.

4. வருகையின் உறுப்புகள்

4.1 நேரம்: நோயர் பலருக்கு மாலை சாயச் சாயப் பதற்றம் கூடுகிறது. “வீட்டுக்குப் போகணும்” என்ற குரல் அப்போதுதான் வலுக்கிறது. நாமோ வேலை முடித்து அந்த வேளையில்தான் போகிறோம். முற்பகல் நல்லது. கூட்டமாகப் போகாமல் ஓரிருவராகப் போவது அதனினும் நல்லது.

4.2 பேச்சு: “அத்தை, நான் உங்க தம்பி மகன் வந்திருக்கேன்” என்று உறவை நாமே சொல்லிவிட வேண்டும். எண்பது வயதுக்காரர் “எங்கம்மா எங்கே?” என்று கேட்கும்போது, செத்து நாற்பது வருஷம் ஆச்சு என்று சொல்வது உண்மைதான். ஆனால் அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதிய சாவுச் செய்தி. “அம்மா ஞாபகம் வந்திடுச்சா? உங்களுக்கு என்ன சமைச்சுக் குடுப்பாங்க?” என்று கேட்பதில் பொய் எதுவும் இல்லை. படுக்கைக்கு இந்தப் பக்கம் நின்று அவரைப் பற்றியே செவிலியரிடம் ‘அவங்க’ என்று பேசுவதைத் தவிர்க்க வேண்டும். எதிரில் இருப்பவரை இல்லாதவராக நடத்துவது நோயோடு கூடிய இன்னொரு சேதம் என்று பிரிட்டனின் டாம் கிட்வுட் 1990களில் விரிவாக எழுதினார்.

4.3 பண்டம்: முறுக்கும் கடலை மிட்டாயும் வேண்டாம். நோய் முற்றியவருக்கு விழுங்குவது கடினம். புரையேறினால் நுரையீரலுக்கு ஆபத்து. எதுவானாலும் செவிலியரைக் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம்.

4.4 விடைபெறல்: சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன் கிளம்புவது சிறந்தது. தட்டு வந்துவிட்டால் கவனம் அங்கே போகும். வாசல்வரை பின்தொடரும் தவிப்பு குறையும்.

5. அளவுகோல்

அடையாளம் கண்டாரா என்பதைக் கொண்டு வருகையை அளந்தால், நோய் முற்ற முற்ற மதிப்பெண் குறைந்துகொண்டே போகும், குடும்பமும் நின்றுவிடும். வருகைக்குப் பின் அவர் எப்படி இருந்தார் என்பதே சரியான அளவு. அதை அறிந்தவர் பணியாளர் ஒருவரே: அன்று சாப்பிட்டாரா, மாலையில் கத்தினாரா, தூங்கினாரா. இல்லங்களின் வருகைப் பதிவேட்டில் பெயர், உறவு, வந்த நேரம், போன நேரம் எழுதுகிறோம். அதில் இன்னொரு கட்டம் சேர்த்து, நோயர் அன்று மாலை இருந்த நிலையைப் பணியாளர் குறித்து வைக்கலாம். அடுத்த முறை வரும் உறவினர் கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துவிட்டு உள்ளே போகட்டும்.