ஊரிகத்துக்கு வந்த காவிரி மின்சாரம்: 35,000 வோல்ட் கணக்கின் வரலாறு

முன்னுரை

1902ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலை அடைந்தது. ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் முதலிய சுரங்கங்களில் அதுவரை விறகும் நிலக்கரியும் எரித்துப் பெற்ற நீராவியே எந்திரங்களை ஓட்டிவந்தது. மைசூர் அரசின் திவான் சேஷாத்ரி ஐயரின் முனைப்பும், பொறியாளர் ஜோலி டி லோட்பினியேரின் திட்டமும் இம்மாற்றத்துக்கு வழிவகுத்தன என்பது பலரும் அறிந்த செய்தி. அத்திட்டத்தைச் சாத்தியமாக்கிய கணக்கை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணக்கின் பின்புலம்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்ற உறவை ஜெர்மானியரான ஓம் 1827இல் வெளியிட்டார். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய அளவு என்பதை ஜூல் 1841இல் நிறுவினார். 1881இல் பாரீஸில் கூடிய பன்னாட்டு மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் ஆகிய அலகுகளை ஏற்றது. அதன்பின் எந்த நாட்டுப் பொறியாளரும் ஒரே அளவுகோலில் கணக்கிட முடிந்தது.

சிவசமுத்திரத்தின் தெரிவு

தொடக்கத்தில் தங்கவயலுக்குத் தேவைப்பட்டது ஏறத்தாழ 4,000 குதிரைத்திறன். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பதால், இது 2,984 கிலோவாட். திறன் காரணியை 1 எனக் கொண்டு, மூன்று கட்ட மின்சாரத்தை 2,200 வோல்ட்டில் அனுப்பினால், ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 783 ஆம்பியர் ஓடும். மின்மாற்றியால் 35,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 49 ஆம்பியரே போதும். மின்னோட்டம் 16இல் ஒரு பங்காகக் குறைய, இழப்பு சுமார் 250இல் ஒரு பங்காகிறது.

விளக்கத்துக்காக, ஒரு கம்பியின் மின்தடை 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 49 ஆம்பியரில் மூன்று கம்பிகளிலும் சேர்ந்து வீணாவது ஏறத்தாழ 288 கிலோவாட். அதாவது அனுப்பும் திறனில் பத்தில் ஒரு பங்கு. 783 ஆம்பியரிலோ கணக்கில் வரும் இழப்பு, அனுப்பும் திறனைப்போல் இருபது மடங்குக்கு மேல்! அந்த அழுத்தத்தில் அக்கம்பி வழியே ஊரிகத்துக்கு மின்சாரம் சேரவே சேராது. கம்பியைத் தடிமனாக்கி மின்தடையைக் குறைக்கலாம் என்றால், செம்புக்கான செலவு கட்டுப்படியாகாது. ஆகவே அழுத்தத்தை உயர்த்துவதே ஒரே வழியாயிற்று.

உரிமைகோரல்களின் மதிப்பீடு

சிவசமுத்திரத் திட்டத்தை ஆசியாவின் முதல் நீர்மின் திட்டம் என்றும், அன்றைய உலகின் மிக நீளமான மின்தடம் என்றும் பலர் எழுதிவருகின்றனர். இரண்டும் பொருந்தா. கியோட்டோவில் 1891இலும் டார்ஜிலிங்கில் 1897இலும் நீர்மின் உற்பத்தி தொடங்கிவிட்டது. கலிபோர்னியாவில் 1901இலேயே கோல்கேட்டிலிருந்து ஓக்லண்டுக்கு 142 மைல் தடம் இயங்கியது. எனினும், அன்று உலகின் நீண்ட தடங்களுள் ஒன்று மைசூர் அரசுடையது என்பதில் ஐயமில்லை.

முடிவுரை

தங்கவயல் மின்மயமானதற்கு அருவியும் முதலீடும் மட்டும் காரணமல்ல. அழுத்தத்தை உயர்த்தி இழப்பைக் குறைக்கும் கணக்கே அதன் அடிப்படை. அந்த மின்சாரம் ஓட்டிய எந்திரங்களோடு ஆழத்தில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்ற தொழிலாளர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களின் வரலாறு, பொறியியலையும் அவர்கள் உழைப்பையும் ஒருசேரப் பதிவுசெய்யும்போதுதான் முழுமைபெறும்.