மலைநீர் தந்த ஒளியும் லயத்துக் கூரையும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் மழைநீரைச் சுமந்து இறங்கும் கெசல்கமு ஓயா, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்கி இலங்கையின் மின்சார வரலாற்றுக்குள் நுழைகின்றது. மலையகத்துத் தேயிலையைப் பற்றி எழுதியோர் பலர். அதே மலையின் நீர் நாட்டுக்கு ஒளியான கதையை எழுதியோர் சிலரே.

மஸ்கெலியா ஓயா, கெசல்கமு ஓயா ஆகிய இரண்டினதும் வலுவைக் கணக்கிட்டு, 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் ஆய்வுரையாக முன்வைத்தவர் டி. ஜே. விமலசுரேந்திர. குடியேற்ற அரசு அதனை விரைந்து ஏற்கவில்லை. வேலைகள் தொடங்குவதும் நிற்பதுமாக 32 ஆண்டுகள் கழிந்தன. லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ நீரில் இயங்கும் 50 மெகாவோட் நிலையம் 1965இல் அவர் பெயரையே தாங்கிற்று.

அந்த ஆண்டுகளை மலையகத் தமிழன் வேறு விதமாகவே நினைவுகூர்வான். லக்சபான ஒளிர்வதற்கு இரண்டாண்டு முன்னர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியிருந்தது. மின்கம்பிகள் அவன் தலைக்கு மேலாகக் கொழும்பு நோக்கிச் சென்றன. லயத்தில் எரிந்ததோ குப்பி விளக்கு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீருள் மூழ்கியது. வறட்சியில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயில் இன்றும் தலைகாட்டுகின்றது.

இப்பழங்கதைக்கு இன்று புதிய பொருள் உண்டு. சூரிய மின்சாரம் நண்பகலில் மிகுகின்றது. தேவையோ மாலையில் உச்சமடைகின்றது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, கூரைச் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்க நேர்ந்தது. பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க மின்கலங்கள் வேண்டும் என்கின்றனர் வல்லுநர். காசல்ரீயும் ஒருவகையில் மின்கலமே. வெயிலடிக்கும் வேளையில் நீரைத் தடுத்து வைத்து மாலையில் திறந்துவிட்டால், சேமிப்பின் பயன் கிட்டுகின்றது. ஆனால் வறட்சியில் அந்த மின்கலமும் வற்றும் என்பதால், இரண்டுமே தேவை.

கூரையுள்ளவன் சூரிய மின்சாரத்தை விற்கலாம் என்கின்றது அரசின் திட்டம். லயத்துக் கூரையோ அதன் கீழ் வாழ்பவனுக்குச் சொந்தமன்று. 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமைக் குறையைத் தீர்த்தது. காணியும் வீடும் இன்னும் பலருக்குக் கனவே. முதலாம் மின்யுகத்தில் நீரைத் தந்து இருளில் இருந்த மக்கள், இரண்டாம் மின்யுகத்திலும் வெறும் பார்வையாளராக நிற்றல் தகுமோ? காணியுரிமையையும் மின்சாரத்தையும் ஒன்றாக வைத்துப் பேச வேண்டிய காலம் இது.