நஜஃப்கர் ஏரியும் நம்மூர் வழிப்போக்கரும்

புரட்டாசி பிறந்து மழை ஓய்ந்ததும், தில்லியின் தென்மேற்கு எல்லைக்குத் தொலைதூர விருந்தினர் வரத் தொடங்குகின்றனர். அவர்களுள் முந்தி வருவது நீலச்சிறகி என்னும் சிறு வாத்து. சைபீரியாவிலிருந்து வரும் இப்பறவைகளுட் பல, சின்னாட்கள் இளைப்பாறித் தெற்கு நோக்கிச் செல்கின்றன. கோடியக்கரை வரையிலும் செல்வதுண்டு. பிழைப்புக்காக நாம் வடக்கே வந்த வழியில், அவை எதிர்த்திசையில் நம்மூருக்குப் பிரயாணமாகின்றன.

துவாரகாவில் குடியிருக்கும் நம்மவர் பலர் நஜஃப்கர் வாய்க்காலைச் சாக்கடையாகவே அறிவர். அது ஓர் ஆற்றின் எச்சம். ஆரவல்லி மலையில் தோன்றிய சாஹிபி ஆறு, இங்குள்ள பள்ளத்தில் பேரேரியாகப் பரந்து, பின்னரே யமுனையை அடைந்தது. மழைக்காலத்தில் ஏரி பெருகி வயல்களை மூழ்கடித்தமையால், பிரிட்டிஷ் ஆட்சியிலேயே நீரை வடிக்க வாய்க்கால் வெட்டப்பட்டது. 1960களில் வெள்ளத்துக்குப் பின் அது மேலும் அகலப்படுத்தப்பட்டது. உழவரின் துன்பம் மெய்யே. ஆயினும் வெள்ளத்தோடு ஏரியும் பெரும்பாலும் மறைந்தது. ஹரியானா எல்லையோரத் தாழ்நிலங்களில் தேங்கும் நீரே இன்று பறவைகளுக்கு எஞ்சிய பங்கு. அதிலும் நகரக் கழிவு கலக்கிறது.

எல்லா நீர்நிலைகளுக்கும் இக்கதி நேரவில்லை. வேடந்தாங்கல் மக்கள், தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுவதைப் பொறாது முறையிட்டனர். 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் பாதுகாப்புக் கௌல் வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமென்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர்.

தலைநகரிலும் அத்தகையோர் இருந்தனர். காந்தியடிகளின் நண்பரான ஹொரேஸ் அலெக்சாந்தர் முதலியோர் 1950இல் தில்லிப் பறவை நோக்கர் சங்கத்தைத் தொடங்கினர். இந்திரா காந்தியும் அதில் உறுப்பினர். பின்னர் அவர் பிரதமராயிருந்தபோது, பீட்டர் ஜாக்சன் என்னும் பத்திரிகையாளர் குர்காவுன் அருகிலுள்ள சுல்தான்பூர் ஏரிக்காக அவருக்குக் கடிதம் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் அவ்வேரி சரணாலயமாயிற்று. 2021இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஓர் ஏரிக்கு உழவர் முறையிட்டனர். மற்றொன்றுக்கு ஒருவர் கடிதம் எழுதினார். நஜஃப்கருக்காகப் பேசியோர் குறைவு. பேச்சும் பிந்தியே எழுந்தது.

ஞாயிறு காலையில் குழந்தைகளுடன் துவாரகாவைக் கடந்து அந்நீர்ப்பரப்புக்குச் சென்று பார்ப்போம். இப்பருவத்தில் நீலச்சிறகியின் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். பொறுமையின்றி இனங்காண இயலாது. கண்டதை நாளும் இடமும் குறித்து எழுதி வைப்போம். நாளை இந்நிலத்தைத் தூர்க்க எவரேனும் முற்பட்டால், இங்கே பறவைகள் வந்தன என்பதற்கு அக்குறிப்பேடு சான்றாகும்.